அகவல் பாராயணத்தில் ஒரு திருநங்கை எந்தப் பக்கம் அமர்வது?

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கடலூர் மாவட்டம்

ஆன்மநேய அன்பர்கள் அனைவருக்கும் வந்தனம்.

எங்கள் ஊர்ச் சன்மார்க்க சங்கத்தில் ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு வள்ளலார் பாடிய அருட்பெருஞ்ஜோதி அகவல் பாராயணம் நடைபெறுகிறது. மாதப் பூசத்தன்று அன்னதானமும் உண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெண்கள் பக்கத்துப் பாராயணத்தை எடுத்துக் கொடுப்பவள் நான். கூடத்தில் ஜோதிக்கு ஒருபுறம் ஆண்களும் மறுபுறம் பெண்களும் அமர்கிறோம். ஆண்கள் ஓர் அடியைச் சொல்ல, பெண்கள் அடுத்த அடியைச் சொல்வார்கள். 1596 அடிகளும் இப்படியே இக்கரைக்கும் அக்கரைக்குமாகச் சென்று வரும்.

இந்தக் கூடத்திலேயே வளர்ந்த பிள்ளை ஒருவர் இருக்கிறார். ஏழு வயதில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவர், பதினோரு வயதுக்குள் அகவல் முழுவதையும் நூல் பாராமல் சொன்னார். சொல்லிக் கொடுத்தவள் நான். பதினெட்டு வயதில் யாரிடமும் சொல்லாமல் ஊரை விட்டுப் போனார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டு மாதங்களுக்கு முன்பு, திருநங்கையாக, தாமே தமக்கு இட்டுக்கொண்ட பெயருடன் திரும்பி வந்திருக்கிறார். தாய் மட்டுமே இருக்கிறார். மகளைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதவர், இன்று கடைத்தெருவுக்குச் சேர்ந்தே போய் வருகிறார்.

முதல் ஞாயிறு அவர் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தார். பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் பாயைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இன்னொருவர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துக்கொண்டே அடுத்த அடியை எடுத்துக் கொடுத்தேன். அன்று நான் பாராயணத்தை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அடுத்த ஞாயிறு அவர் கூடத்துக்குள் வரவில்லை. செருப்பு விடும் இடத்தில் வேப்பமரத்தடியில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு பின்பக்கமாகப் போய்ப் பாத்திரம் கழுவினார். பூசத்தன்று சாம்பார் வாளியைத் தூக்கியபோது, பெரியவர் ஒருவர் மிகவும் அன்பாக, "உனக்கு எதுக்கு சிரமம், நீ உட்காரு கண்ணு" என்று வாளியை வாங்கிக்கொண்டார். அன்று மாலையே, அன்னதானத்துக்கு அரிசி தரும் இரண்டு குடும்பத்தார், அவர் பரிமாறுவதாக இருந்தால் தாங்கள் விலகிக்கொள்வதாகச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

சென்ற வாரம் நிர்வாகக் குழு கூடியது. ஒருவரும் கடுஞ்சொல் பேசவில்லை. வரக்கூடாது என்று நாம் சொல்லவே இல்லையே என்றுதான் ஒவ்வொருவரும் தொடங்கினார்கள். இரு பக்கத்துக்கும் நடுவே, தூணை ஒட்டி, அவருக்கென்று தனியாக ஒரு பாய் போடலாம். பரிமாறுவதை மட்டும் இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்லலாம். உறுப்பினர் பதிவேட்டில் பழைய பெயரே இருந்துவிட்டுப் போகட்டும் என்ற அளவில் பேச்சு நின்றது. நான் சில வாரங்கள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

அந்தத் தனிப்பாயை நினைத்தால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் ஏன் ஒப்பவில்லை என்பதைக் குழுவுக்கு விளங்கச் சொல்ல என்னிடம் சொற்கள் இல்லை. இத்தகைய நிலையைத் தங்கள் சங்கத்திலோ கோயிலிலோ சபையிலோ கண்டவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


மறுமொழி 1: சன்மார்க்க அன்பர், வடலூர் வட்டாரம்

அம்மா, வந்தனம். எனக்கு வயது எழுபத்தாறு. ஐம்பது ஆண்டுகளாக வடலூரில் பசித்தோர்க்கு உணவிடும் தருமச்சாலைக்குச் சென்று வருகிறேன். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வள்ளல் பெருமான் ஏற்றிய அந்த அடுப்பு இன்னும் அணையாமல் எரிகிறது. வந்தவர் யார், எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று அங்கே ஒரு நாளும் கேட்டதில்லை; பசி ஒன்றே தகுதி. சத்திய ஞான சபையின் வாயிலில் ஒரே ஒரு நிபந்தனைதான் எழுதப்பட்டிருக்கிறது: புலை, கொலை தவிர்த்தவர்கள், அதாவது புலால் உண்பதையும் உயிர்க்கொலையையும் விட்டவர்கள், உள்ளே வரலாம். ஆணா, பெண்ணா என்ற வினா அதில் இல்லை. ஆகவே அந்தப் பிள்ளையை வரவேற்பதில் சன்மார்க்கிக்கு ஐயமே எழக்கூடாது.

ஆயினும் ஒரு கருத்தைத் தயவுடன் சொல்கிறேன். ஆன்மாவுக்கு ஆண், பெண் என்னும் பேதம் இல்லை. அது தேகத்தைப் பற்றியது. அவரும் நான் பெண், நான் திருநங்கை என்னும் தேக எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிட்டு, ஓர் ஆன்மாவாக மட்டும் வந்து அமர்ந்தால், எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழாது. அதுவரை நடுவில் ஒரு பாய் என்பதை அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை என்பது என் எண்ணம். காலப்போக்கில் எல்லாம் சரியாகும்.


மறுமொழி 2: திருநங்கை, சென்னை

ஐயா அவர்களுக்கு வணக்கம். ஞான சபை வாயிலில் உள்ள அந்த ஒரே நிபந்தனையைத் தாங்கள் நினைவூட்டியது என் நெஞ்சைத் தொட்டது. அதே உரிமையில் ஒன்றைக் கேட்கிறேன். தேக எண்ணத்தை விட்டுவிட்டு வா என்று அந்தப் பெண்ணிடம் மட்டும் கேட்பது நியாயமா? கூடத்தில் இரண்டு பக்கமாகப் பாய் விரித்தவள் அவள் அல்லவே. தேகத்தைப் பார்த்துத்தான் அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் கிடைத்திருக்கிறது. ஆண் என்னும் எண்ணத்தை விட்டீர்களா, பெண் என்னும் எண்ணத்தை விட்டீர்களா என்று மற்ற எவரிடமும் வாசலில் யாரும் கேட்பதில்லை. அவர்கள் தங்கள் தேகத்தோடு, வேட்டியோடு, புடவையோடு, தாலியோடு, நரைத்த தலையோடு உள்ளே வந்து அமர்கிறார்கள். அவள் வரும்போது மட்டும் தேகம் பொய் என்று நினைவு வருகிறது. வள்ளலார் தேகத்தை இகழ்ந்தவர் அல்லர் என்பதும் தங்களுக்குத் தெரியும். இந்த உடம்பையே ஒளியுடம்பாக்கிக்கொள்ள வேண்டும் என்று பாடியவர் அவர். உடம்பைத் தனக்கு உண்மையான உடம்பாக்கிக்கொள்ள எட்டு ஆண்டுகள் வீட்டையும் ஊரையும் இழந்தவளுக்கு அந்தப் பாடல் வேறு யாரையும்விடக் கொஞ்சம் கூடுதலாகவே புரியும் என்று நினைக்கிறேன்.

ஆசிரியை அம்மாவுக்கு. தங்களுக்கு ஏன் மனம் ஒப்பவில்லை என்பதை என் வாழ்க்கையிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

எனக்கு நாற்பத்தொரு வயது. பத்தொன்பது ஆண்டுகளாக, திருநங்கையர் குரு வழியில் சேர்ந்து வாழும் ஜமாத்தில் இருக்கிறேன். நிர்வாணம் எனப்படும் அறுவை முடிந்த நாற்பதாம் நாள், பால் ஊற்றும் சடங்கில், மஞ்சள் பூசி, பச்சைப் புடவை கட்டி, திருநங்கையர் வழிபடும் மாதாவின் படத்துக்கு முன்னால் என்னை உட்கார வைத்த என் குருவை நான் தாய் என்றே அழைக்கிறேன். சித்திரை மாதம் உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்துக்குப் போவோம். கூத்தாண்டவரான அரவானைக் கணவராக வரித்து, அவர் சந்நிதியில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, இரவெல்லாம் ஆடிப் பாடி, மறுநாள் அரவானின் தேர் ஓடி முடிந்ததும் அந்தத் தாலியை அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை உடுத்தி ஒப்பாரி வைப்போம். அந்த அழுகை வெறும் சடங்கு அன்று. ஆண்டு முழுவதும் அழ இடம் கிடைக்காதவர்கள் அங்கே அழுகிறோம். எங்களுக்கென்று ஒரு தெய்வம் இருக்கிறது, ஒரு திருவிழா இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் ஊர் திரும்பிய பிறகு? என் தெருவில் கடை திறக்கும்போதும் பிள்ளைக்கு உடம்பு சரியில்லாதபோதும் என்னைக் கூப்பிட்டுத் தலையில் கை வைக்கச் சொல்வார்கள். அதே கையால் ஒரு டம்ளர் மோர் கொடுத்தால் வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஆசிக்கு வேண்டும், பந்திக்கு வேண்டாம். தெய்வத்துக்கு நெருக்கமானவள் என்று சொல்லியே மனிதர்களிடமிருந்து தள்ளி வைக்க முடியும் என்பதை நான் அனுபவித்து அறிந்தவள். தூணோரத்துத் தனிப்பாயும் அப்படிப்பட்டதுதான், அம்மா. நாளைக்கு அந்தப் பாயில் அவளைத் தவிர யாராவது அமர்வார்களா? அமரமாட்டார்கள் என்றால் அது அவளுக்குக் கொடுத்த இடமாகாது, அவளைச் சுற்றிப் போட்ட கோடாகும்.

எனக்கு இடம் கிடைத்த கதை மிகச் சிறியது. எங்கள் தெரு அம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் காய்ச்சுவார்கள். நான் ஒவ்வோர் ஆண்டும் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டு, கடைசியில் கூழ் வாங்கிக்கொண்டு போவேன். ஓர் ஆண்டு, அண்டாவுக்கு முன்னால் நின்ற அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்து, "தோள் விட்டுப் போச்சு, நீ கொஞ்சம் துழாவு" என்று துடுப்பை நீட்டினார். என்னை ஏற்றுக்கொண்டதாக அவர் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பேசவே இல்லை. கட்டி தட்டாமல் துழாவு என்று மட்டும் இரண்டு முறை அதட்டினார். பதினோரு ஆண்டுகளாக அந்தத் துடுப்பு என் கையில்தான் இருக்கிறது. அரிசி தருபவர்களைச் சமாளிப்பது கடினம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த வாளியை அவள் கையிலிருந்து வாங்கிய அன்பு, பாயை இழுத்துப் போட்ட வெறுப்பைவிட அவளை அதிகம் வலிக்கச் செய்திருக்கும்.

இன்னொன்று கேட்க வேண்டும். முதல் ஞாயிறு அவள் வாய் திறந்து பாடினாளா? தாங்கள் அதைக் கவனித்தீர்களா? நாங்கள் எடுத்துக்கொள்ளும் ஹார்மோன் தோலை மாற்றும், உடல்வாகை மாற்றும். பருவத்தில் ஒருமுறை உடைந்த குரலை அது மீட்டுத் தராது. பெண்கள் சொல்லும் அடியை அவள் தன் குரலில் சொன்னால் கூடம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். சொல்லாவிட்டால், பதினோரு வயதிலேயே மனப்பாடமான ஒன்றை விழுங்கிக்கொண்டு அமர்ந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் அமர்வது என்பதைவிட இதுதான் அவளுக்குப் பெரிய துன்பமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. குழு கூடியது, பெரியவர்கள் பேசினார்கள். அவளிடம் யாராவது கேட்டீர்களா, அம்மா?


மறுமொழி 3: சபை ஊழியர், திருநெல்வேலி

எங்கள் பக்கத்துக் கிராமச் சபைகள் பலவற்றிலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றுதான் வழக்கம். ஆகவே தங்கள் கூடம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. எங்கள் வேதாகமத்தில் உபாகமம் 23ஆம் அதிகாரம், விதை நசுங்கினவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று கதவை அடைக்கிறது. ஏசாயா 56ஆம் அதிகாரமோ, அதே மனிதருக்குக் கர்த்தருடைய ஆலயத்திலும் அதன் மதில்களுக்குள்ளும் இடம் உண்டு என்றும், குமாரர் குமாரத்திகளுக்கு உரியதைவிட மேலான பெயர் உண்டு என்றும் வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகளில், ஆண்மை நீக்கப்பட்டவரான எத்தியோப்பிய மந்திரி, தண்ணீரைக் கண்டதும், தான் ஞானஸ்நானம் பெறுவதற்குத் தடையென்ன என்று கேட்கிறார். அவருக்கு நற்செய்தி சொன்ன பிலிப்பு அவருடன் தண்ணீரில் இறங்குகிறார். அவருக்கென்று வேறு தண்ணீர் தேடவில்லை. நான் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் நின்றுவிடும் இடம் இது.

அவளிடம் கேட்டீர்களா என்று சகோதரி எழுப்பிய கேள்வியை நானும் வழிமொழிகிறேன். எங்கள் சபையில் ஒருமுறை நாங்கள் கேட்காமலேயே எல்லாம் ஏற்பாடு செய்தோம். அந்தப் பிள்ளை அதன்பின் வரவில்லை.


மறுமொழி 4: தமிழ் ஆய்வு மாணவர், மதுரை

குழுவுக்குச் சொல்லச் சொற்கள் இல்லை என்று ஆசிரியை எழுதியிருந்தார்கள். சொற்கள் நம்மிடம் முன்பே இருக்கின்றன.

தொல்காப்பியக் கிளவியாக்கத்தில், ஆண்மை திரிந்த பெயர்களையும் தெய்வப் பெயர்களையும் ஒரே நூற்பாவில் சேர்த்து வைத்துப் பேசுகிறார் தொல்காப்பியர். இவ்விரண்டுக்கும் தமக்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைக்குரிய பால் ஈறுகளைக் கொண்டே அவை வழங்கும் என்பது விதி. இலக்கணத்திலும் இவர்களுக்குத் தனிப்பாய் போடப்படவில்லை. உயர்திணை வரிசையிலேயே இடம் தரப்பட்டிருக்கிறது. பிற்கால இலக்கணங்களும் உரைகளும் இதே அன்போடு பேசின என்று சொல்ல மாட்டேன். மாணிக்கவாசகர் இறைவனைப் பெண்ணாகவும் ஆணாகவும் அலியாகவும் கண்டார். நம்மாழ்வார் ஆணும் அல்லன், பெண்ணும் அல்லன், அலியும் அல்லன் என்று மூன்றையும் கடந்தவனாகப் பாடினார். அவர்கள் ஆண்ட அந்தச் சொல் இன்று தெருவில் வசையாகிவிட்டதால் மனிதர்களைக் குறிக்க அதை நாம் எடுக்கக்கூடாது. ஆயினும் மார்கழி விடியலில் திருவெம்பாவை பாடும் ஒவ்வொருவரும் அந்த வரியைக் கடந்துதான் வருகிறோம்.

வள்ளலாருக்கு வருவோம். 1872இல் மேட்டுக்குப்பத்தில் எழுதப்பட்ட அகவலிலேயே, பெண்ணுக்குள் ஆணையும் ஆணுக்குள் பெண்ணையும் பொருந்த வகுத்தது அருட்பெருஞ்ஜோதி என்னும் பொருளில் அடிகள் வருகின்றன. தங்கள் கூடத்தில் ஞாயிறுதோறும் ஒரு பக்கத்தார் சொல்ல, மறுபக்கத்தார் தொடரும் அடிகள் அவை. வள்ளலாரின் திருவருட்பா ஆறாம் திருமுறையில் அனுபவமாலை முழுவதும் தலைவி தன் தோழிக்குச் சொல்லும் பாட்டு. நடராசப் பெருமானைக் கணவனாக வரித்த ஒரு பெண்ணாகவே நூறு பாடல்களிலும் வள்ளலார் பேசுகிறார். நம்மாழ்வாரைப் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வாரைப் பரகால நாயகியாகவும் கொண்டாடும் மரபின் தொடர்ச்சி இது. தங்கள் சங்கத்து ஆண்கள் அந்தப் பாடல்களைத் தங்கள் கனத்த குரலில், "தோழி" என்று விளித்துப் பாடும்போது யாரும் பாயை இழுத்துப் போட்டுக்கொள்வதில்லை. பெண்ணாகிப் பாடும் ஆண் குரல் நமக்குப் பக்தியாகக் கேட்கிறது. பெண்ணாகவே வாழ்பவரின் குரல் ஏன் உறுத்த வேண்டும்? சென்னைச் சகோதரி குரலைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பதிவேட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஒருவர் தம் பாலினம் இன்னது என்று தாமே உணர்ந்து சொல்வதை ஏற்க வேண்டும், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று தீர்ப்பளித்தது. தூத்துக்குடிக் கோயிலில் ஒரு திருநங்கைக்கு நடந்த திருமணத்தைப் பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தபோது, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் கூறியது. திருமணப் பதிவேட்டிலேயே மணமகளாக எழுதப்படும் ஒருவரை, பாராயணப் பதிவேட்டில் பழைய பெயரால் எழுதுவதற்கு எந்தக் காரணமும் இல்லை. இருப்பினும் சட்டத்தைக் காட்டிப் பாயில் இடம் வாங்கித் தர வேண்டாம் என்றே வேண்டுவேன். பதிவேட்டில் பெயர் மாற அது போதும். பக்கத்தில் இருப்பவர் பாயை நகர்த்தாமல் இருக்க அது உதவாது.


மறுமொழி 5: திருநம்பி, கோயம்புத்தூர்

என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. பெண்பிள்ளையாக வளர்க்கப்பட்ட நான், தாடி வளர்ந்து, குரல் கனத்த பிறகு, ஊர் மாறி வந்து ஒரு பாதயாத்திரைக் குழுவில் சேர்ந்தேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்போம். ஆண்களோடு ஆணாக நடந்து, வழியில் ஆண்களோடு மண்டபத்தில் படுத்து எழுகிறேன். யாருக்கும் தெரியாது, ஆகவே யாரும் என்னை ஏற்றுக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அரோகரா என்று ஒருமித்துக் குரல் எழும்போது நானும் அதில் ஒருவன் என்று உடல் சிலிர்க்கும். அடுத்த கணமே, தெரிந்தால் இந்தக் குரல்கள் என்ன ஆகும் என்ற எண்ணம் வரும். ஆறு ஆண்டுகளாக எல்லாருக்கும் பிறகு படுத்து, எல்லாருக்கும் முன்பு எழுந்து குளித்துவிடுகிறேன்.

அந்தச் சகோதரி பிறந்து வளர்ந்த கூடத்துக்கே, தன்னை அறிந்தவர்களிடமே, பகல் வெளிச்சத்தில் திரும்பி வந்திருக்கிறார். அந்தத் துணிவு எனக்கு இல்லை. ஆசிரியை அம்மா, அவரை வேப்பமரத்தடியில் நிற்க விட்டுவிடாதீர்கள்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி, மூன்று வாரங்களுக்குப் பிறகு

எல்லாருக்கும் வந்தனம். பதில் எழுதத் தாமதமானதற்குப் பொறுத்தருள வேண்டும்.

சென்னைச் சகோதரியின் கடிதத்தைப் படித்த அன்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாயை நகர்த்தியதைக் கண்டும் பேசாமல் இருந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, அன்று நீ பாடினாயா என்று கேட்டேன். "வாயை மட்டும் அசைத்தேன், டீச்சர்" என்றார். நான் சொல்லிக் கொடுத்த பிள்ளை, எனக்கு நான்கு வரிசை பின்னால் ஓசையில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்திருக்கிறார். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒரு அடி பிசகினாலும் கண்டுபிடித்துவிடும் என் காதுக்கு அது கேட்கவில்லை.

எங்கே அமர விருப்பம் என்று கேட்டதற்கு, பெண்கள் பக்கத்தில்தான், ஆனால் கடைசி வரிசையில் வேண்டாம் என்றார். சிறு வயதில் என் அருகில் அமர்ந்து சுருதிப்பெட்டியைப் போடுவது அவர் வேலை. அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பரிமாறுவதைப் பற்றிக் கேட்டபோது, தன்னால் ஒருவருடைய அரிசியும் நின்றுவிடக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து காபி போடப் போய்விட்டார்.

குழுவிடம், ஆய்வு மாணவர் எடுத்துக்காட்டிய அகவல் அடிகளை வாசித்துக் காட்டினேன். பெரியவர்கள் இருவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார்கள். ஒருவர், அந்த அடிகளுக்கு யோகப் பொருள்தான் கொள்ள வேண்டும் என்று மறுத்தார். அவர் சொல்வதிலும் உண்மை உண்டு, ஆனால் அந்தப் பொருள் இந்தப் பெண்ணை வெளியே நிறுத்தச் சொல்லவில்லையே என்றேன். தனிப்பாய் போடுவதானால் நானும் அந்தப் பாயில்தான் அமர்ந்து எடுத்துக் கொடுப்பேன் என்பதையும் தெரிவித்தேன். பாயைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. பதிவேட்டில் அவருடைய பெயரை அவரே தம் கையால் எழுதினார்.

சென்ற இரண்டு ஞாயிறுகளாக என் வலப்பக்கத்தில் அமர்கிறார். பெண்கள் பக்கத்துச் சுருதியை இரண்டு கட்டை இறக்கியிருக்கிறோம். முதல் நாள், அவருடைய குரல் எழுந்தபோது ஆண்கள் பக்கத்தில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள்; சில அடிகள் தடுமாறின; பிறகு சேர்ந்துகொண்டன. இளம்பெண்கள் இரண்டு மூன்று பேருக்குக் கீழ்ச்சுருதி எட்டவில்லை, அதற்கு இன்னும் வழி காணவில்லை. பாயை நகர்த்தியவர்களில் ஒருவர் சென்ற வாரம் அவரிடம், நடுவில் தனக்கு மறந்துபோன ஓர் அடியைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். மற்றவர் இன்னும் தள்ளியே அமர்கிறார். எழுந்து போனவர் திரும்பி வரவில்லை. அவர் வீட்டுக்கும் ஒருநாள் போக வேண்டும்.

அரிசி தரும் இரண்டு குடும்பங்களில் ஒன்று நிறுத்திவிட்டது. வரும் பூசத்துக்கு இரண்டு சிப்பம் குறைகிறது. என் ஓய்வூதியத்தில் ஒன்றை வாங்கியிருக்கிறேன், இன்னொன்றுக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்று வாளியை எடுப்பதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிட்டேன். எடுத்தால், முதல் பந்தியில் முதல் இலையில் நான் அமர்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறேன்.